பாண்டுப்பிலிருந்து ஜூபா வரை: நெருக்கடி நாடுகளில் ஒரு சுகாதார வேலை

பொதுச் சுகாதாரம் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் பலர் கண்ணில் படாத ஒரு பதவி உண்டு: ஹெல்த் கிளஸ்டர் கோஆர்டினேட்டர். போர், பூகம்பம், பஞ்சம், கொள்ளைநோய் என்று ஏதோ ஒன்றில் சிக்கி அரசாங்கமே தள்ளாடுகிற நாட்டுக்கு மருத்துவ உதவி அமைப்புகள் வந்து குவியும். அவர்களை ஒரே மேசையில் உட்காரவைத்து, யார் எந்த ஊருக்குப் போகிறார்கள், எந்த ஊரை யாருமே தொடவில்லை என்று பார்த்துச் சொல்கிற வேலை இது. ஊசி போடுவது, மருந்து கொடுப்பதெல்லாம் இதில் கிடையாது. ஆனால் இந்த நாற்காலியில் இருக்கும் ஆள் சரியில்லை என்றால் ஒரே முகாமில் மூன்று கிளினிக் முளைக்கும்; பக்கத்து மாவட்டத்தில் பிரசவம் பார்க்கக்கூட ஆள் இருக்காது.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மேசையைச் சுற்றி இருக்கும் யாருக்கும் நீங்கள் மேலதிகாரி இல்லை. யாருக்கும் நீங்கள் சம்பளம் தருவதில்லை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு கூட்டத்துக்கு வந்தாலும் பார்வையாளராகத்தான் உட்காரும். சர்வதேச செஞ்சிலுவைக் குழுவும் அப்படித்தான். அமைச்சகத்து அதிகாரிக்கு உங்கள்மேல் சந்தேகம், பணம் தரும் நாடுகளுக்கு அவசரம். ஏதாவது தவறிப்போனால் மட்டும் எல்லோரும் உங்கள் பக்கம் திரும்புவார்கள். ஆகவே இந்த வேலையின் வித்தை ஒன்றே ஒன்றுதான்: உங்களோடு சேர்ந்து நடந்தால் தனக்கு ஆதாயம் என்று ஒவ்வோர் அமைப்பும் தானாக உணரவேண்டும். இதைக் கற்க ஜெனிவா போக வேண்டாம். நம் கண்ணெதிரே, 2020-இல் மும்பையின் தாராவியில் நடந்திருக்கிறது.

தாராவி சொல்லிக்கொடுத்தது

ஏப்ரல் 1, 2020 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டுபிடிக்கப்பட்டார். அன்றைக்கே அவர் இறந்தும் போனார். சதுர கிலோமீட்டருக்கு 2,27,136 பேர் என்பது அந்த இடத்துக்கு அரசு சொன்ன நெரிசல் கணக்கு. பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர். நூற்றுக்கு எண்பது பேர் நம்பியிருந்தது 450 பொதுக் கழிப்பறைகளை. ‘வீட்டிலேயே தனித்திருங்கள்’ என்று அங்கே போய் யாரிடம் சொல்வது? ஏப்ரல் மாதம் 491 பேருக்குத் தொற்று. 18 நாளைக்கு ஒருமுறை எண்ணிக்கை இரட்டித்தது.

மும்பை மாநகராட்சியில் தாராவி அடங்கிய ஜி-நார்த் வார்டுக்கு அப்போது உதவி ஆணையர் கிரண் திகாவ்கர். அவர் கையில் இருந்த ஆட்கள் போதாது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் தாராவியில் டாக்டர்கள் இல்லாமல் இல்லை. தெருவுக்குத் தெரு கிளினிக் உண்டு. தொண்ணூறடி ரோட்டில் காய்ச்சல் என்றால் ஜனங்கள் முதலில் ஓடுவது அந்தத் தெரு டாக்டரிடம்தான், முனிசிபல் ஆஸ்பத்திரிக்கு அல்ல. அந்த டாக்டர்களும் பயந்துபோயிருந்தார்கள். பல கிளினிக் பூட்டிக் கிடந்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். திறக்காவிட்டால் லைசென்ஸ் போய்விடும் என்று மிரட்டி ஒரு டாக்டரைக் கிளினிக்கில் உட்காரவைக்கலாம். வீடு வீடாக ஏறி இறங்க வைக்க முடியாது. அவர்கள் பயந்தது எதற்கு என்று பார்த்து, அதை மாநகராட்சி கொடுத்தது: பாதுகாப்பு உடை, முகக்கவசம், கையுறை, காய்ச்சல் பார்க்கும் கருவி, ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி. அதன்பிறகு தனியார் டாக்டர்கள் வீடு வீடாகப் போனார்கள். அவர்களும் தனியார் கிளினிக்குகளும் சேர்ந்து 47,500 பேரைப் பரிசோதித்தார்கள். நடமாடும் வண்டிகளில் 14,970 பேர். மாநகராட்சியின் சுகாதாரப் பணியாளர்கள் கணக்கெடுத்தது 4,76,775 பேரை. வீடு சிறியது என்பதால் பள்ளிக்கூடங்களும் விளையாட்டு அரங்கும் தனிமைப்படுத்தும் இடங்களாயின. பக்கத்துத் தனியார் மருத்துவமனைகளை மாநகராட்சி எடுத்து நடத்தியது. சாப்பாட்டுப் பொட்டலம், மளிகைப் பை என்று தொண்டு அமைப்புகள் வேறொரு பக்கம். மே மாதம் தொற்றின் வளர்ச்சி 4.3 சதவீதத்துக்கு இறங்கி, ஜூனில் 1.02 ஆனது. ஜூலை 10 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ் இத்தாலி, ஸ்பெயின், தென்கொரியாவோடு தாராவியின் பெயரையும் சேர்த்துச் சொன்னார். அந்த வருடம் டிசம்பர் 25 அன்று அங்கே புதிய நோயாளி ஒருவர்கூட இல்லை.

தாராவியில் வேகம் குறைந்த வேளையில் தொற்று வடக்கே ஏறியது. ஜூன் 22 அன்று மாநகராட்சி ‘மிஷன் ஜீரோ’ என்று இன்னொரு திட்டம் தொடங்கியது. முலுண்ட், பாண்டுப், மாலாட், காந்திவலி, போரிவலி, தஹிசர் பகுதிகளுக்கு 50 நடமாடும் மருத்துவ வண்டிகள். பாரதிய ஜெயின் சங்கடனா போன்ற அமைப்புகள் அதில் கை கொடுத்தன. குன்றுச் சரிவில் படிக்கட்டுபோல அடுக்கி நிற்கும் பாண்டுப் குடிசைகளுக்கும் மேற்கே ஓடும் லிங்க் ரோட்டு அடுக்குமாடிகளுக்கும் ஒரே முறை பொருந்தாது என்பது அங்கே குடியிருந்தவர்களுக்குத் தெரியும்.

என்னைக் கேட்டால் அந்த வருடம் மும்பை செய்த பெரிய காரியம் வண்டிகள் அல்ல. வார்டு வார் ரூம்கள். அதுவரை மருத்துவமனைப் படுக்கைக்கு நகரம் முழுவதும் ஒரே உதவி எண்ணைப் பிடித்துத் தொங்கியது. ஆணையர் இக்பால் சிங் சஹல் மே மாதம் பொறுப்பேற்றபின், 24 வார்டுக்கும் தனித்தனி வார் ரூம் வந்தது. ‘பாசிட்டிவ்’ முடிவுகளைச் சோதனைக்கூடங்கள் முதலில் மாநகராட்சிக்கு அனுப்ப வேண்டும், வார்டு ஆட்கள் நோயாளியைக் கூப்பிட்டுப் படுக்கை ஒதுக்குவார்கள் என்று ஆயிற்று. தனியார் மருத்துவமனைகளில் 80 சதவீதப் படுக்கைகளுக்கு மாநில அரசு கட்டணம் நிர்ணயித்ததும் இதோடு சேர்ந்து வேலை செய்தது. சோதனைக்கூடம், தனியார் மருத்துவமனை, ஆம்புலன்ஸ், வார்டு ஆபிஸ் ஆகிய நான்கும் ஒரே தகவலைப் பார்த்து நடந்தன. கிளஸ்டர் கோஆர்டினேட்டர் ஒரு நாட்டில் செய்வதும் இதைத்தான்.

புகழுரையோடு நிறுத்திக்கொள்வது நியாயமில்லை. நிதி ஆயோக், மாநகராட்சி, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் சேர்ந்து மாட்டுங்கா, மேற்குச் செம்பூர், தஹிசர் அடங்கிய மூன்று வார்டுகளில் எடுத்த ரத்தப் பரிசோதனை ஆய்வு ஜூலை 28 அன்று வெளியானது. குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்கு நோய் வந்து போன தடயம் இருந்தது. மற்ற இடங்களில் 16 சதவீதம். தாராவி அந்த ஆய்வில் இல்லை. ஆனாலும் தொற்று தணிந்ததற்கு ஒருங்கிணைப்பு எவ்வளவு காரணம், ஏற்கெனவே பாதிப்பேருக்கு வந்து போனது எவ்வளவு காரணம் என்ற கேள்வி நியாயமானதே. இப்படித் தன் வெற்றியையே சந்தேகப்பட்டுப் பார்க்கத் தெரிந்த ஆளைத்தான் நேர்முகத் தேர்வில் தேடுகிறார்கள்.

உலக அமைப்பு எப்படி ஓடுகிறது

நெருக்கடி உதவிகளை ஐ.நா. ஒருங்கிணைக்க வேண்டும் என்ற தீர்மானம் 1991-இல் வந்தது. ஆனாலும் டார்ஃபூரிலும் 2004 ஆழிப்பேரலையிலும் உதவி வந்த விதம் குழப்படியாகவே இருந்தது. நாகப்பட்டினத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோன பின், லாரி லாரியாக வந்த பழைய துணி ரோட்டோரம் மலையாகக் கிடந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் சொல்வார்கள். அங்கே சில நாட்களிலேயே மீனவர் கூட்டமைப்பான சிஃப்ஸும் சிநேகா என்ற தொண்டு நிறுவனமும் முன்கை எடுத்து, மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து தொண்டு அமைப்புகளுக்கான ஒருங்கிணைப்பு மையத்தை ஏற்படுத்தின. யார் எந்தக் கிராமத்தில், என்ன வேலையில் என்று அட்டவணை போட்டது அந்த மையம். உலக அளவில் கிளஸ்டர் முறை 2005-இல்தான் பிறந்தது. நாகை மையம் அதற்கு முந்தி.

கிளஸ்டர் முறையில் துறைக்கு ஒரு தலைமை அமைப்பு. சுகாதாரத்துக்கு உலக சுகாதார நிறுவனம். வேறு யாரும் ஒரு பகுதிக்குப் போகாவிட்டால், முடிந்தவரை அந்தக் குறையைத் தானே நிரப்பும் பொறுப்பும் தலைமை அமைப்புக்கு உண்டு. தண்ணீர், உணவு, தங்குமிடத்துக்குத் தனித்தனி கிளஸ்டர். காலரா வந்தால் சுகாதாரமும் தண்ணீரும் ஒரே மேசைக்கு வந்தாக வேண்டும். ஏமனில் 2017 முடிவதற்குள் காலரா என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் பத்து லட்சம் ஆனபோது இரண்டு கிளஸ்டரும் சேர்ந்தே திட்டம் போட்டன. அகதிகள் என்றால் பொதுவாகக் கிளஸ்டர் கிடையாது, ஐ.நா. அகதிகள் ஆணையம் முன்னால் நிற்கும். விண்ணப்பம் எழுதுபவர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பலர் இதில் சறுக்குகிறார்கள்.

அன்றாட வேலைக்கு அடிப்படை ஓர் அட்டவணை: யார், என்ன, எங்கே, எப்போது. ‘ஃபோர் டபிள்யூ’ என்பார்கள். எந்த மருத்துவமனை இயங்குகிறது, எதில் மருந்து இல்லை, எதில் கூரையே இல்லை என்று பார்க்க உலக சுகாதார நிறுவனத்துக்கு ‘ஹெராம்ஸ்’ என்றொரு முறை இருக்கிறது. அமைப்புகள் இதற்கெல்லாம் தகவல் அனுப்பச் சோம்பல்படும். நினைவூட்டி ஈமெயில் போட்டுப் பயனில்லை. அனுப்பியவர்களுக்கு அந்த வாரமே ஒரு வரைபடமாகத் திருப்பிக் கொடுங்கள். தங்கள் நன்கொடையாளருக்குக் காட்டிப் பணம் கேட்க அது அவர்களுக்கு உதவும். அடுத்த மாதம் கேட்காமலேயே தகவல் வரும். தாராவி டாக்டருக்குப் பாதுகாப்பு உடை என்ன செய்ததோ அதை இங்கே வரைபடம் செய்யும்.

கூட்டம் நடத்துவது தனிக் கலை. ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. ஆளாளுக்குத் தங்கள் சாதனையை வாசிக்க விட்டால் தீர்ந்தது கதை. சண்டை வரும் விஷயம் என்றால் முந்தின நாளே இரு தரப்பையும் தனித்தனியே கூப்பிட்டுப் பேசிவிட வேண்டும். மேசையில் வைத்து யாரையும் தோற்கடிக்கக் கூடாது. குறிப்பில் மூன்று விஷயம் போதும்: என்ன முடிவு, யார் பொறுப்பு, என்றைக்குள். எந்த மொழியில், எங்கே கூடுவது என்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். 2010 பூகம்பத்துக்குப் பின் ஹைட்டியில் கிளஸ்டர் கூட்டங்கள் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஐ.நா. வளாகத்துக்குள், பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தன. ஹைட்டி மக்கள் பேசுவது கிரியோல், படிப்பது பிரெஞ்சு. உள்ளூர் அமைப்புகள் பல வாசல் காவலையே தாண்ட முடியவில்லை. தங்கள் நாட்டின் திட்டத்தில் தங்களுக்கே இடமில்லை என்று அவர்கள் சொன்னதில் தப்பில்லை. வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ், ரேஷன் கடையில் மராத்தி, லோக்கல் ரயிலில் இந்தி என்று வளர்ந்த பாண்டுப் பிள்ளைக்கு இந்தத் தவறு தூரத்திலேயே தெரியும். உங்கள் பலம் இது. விண்ணப்பத்தில் ‘தெரிந்த மொழிகள்’ என்ற கடைசி வரியில் போட்டு ஒளித்துவைக்காதீர்கள்.

வன்னியின் பாடம்

அரசே போரில் ஒரு தரப்பாக இருக்கும்போது என்ன செய்வது? இதற்கு எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் நிம்மதி தரும் பதில் இல்லை. 2009-இல் இலங்கையின் வன்னியில் போர் முடிந்தபோது, வவுனியா மாவட்டத்தில் மெனிக் பாம் முதலான முகாம்களில் மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான தமிழர்கள் அடைபட்டார்கள். அரசு அனுமதி இல்லாமல் எந்த அமைப்பும் உள்ளே கால் வைக்க முடியாது. கண்டதை வெளியே சொன்னால் அனுமதி போகும். அனுமதி போனால் உள்ளே இருப்பவர்களுக்கு மருந்து போகாது. வாயை மூடிக்கொண்டால்? அந்தக் கேள்விக்கு ஐ.நா.வே பதில் எழுதியது. சார்லஸ் பெட்ரி தலைமையிலான உள்ளக ஆய்வுக் குழு 2012 நவம்பரில் தந்த அறிக்கை, போரின் கடைசி மாதங்களில் ஐ.நா. தன் கடமையில் தவறியது என்று வெளிப்படையாகச் சொன்னது. இந்த வேலைக்குப் போக நினைக்கும் தமிழர் எவரும் அந்த அறிக்கையைப் படிக்காமல் போகக் கூடாது. உலகின் வேறெந்த மூலையிலிருந்து வரும் விண்ணப்பதாரரையும்விட நமக்கு அது நெருக்கமாகப் புரியும். புரிந்தாலும் மேசையில் நிதானம் தவறக் கூடாது என்பதுதான் கஷ்டம்.

நடைமுறையில் செய்யக்கூடியது இது: எண்களை அமைச்சகத்தோடு சேர்ந்து திரட்டுங்கள், ஆனால் மூலப் பதிவின் நகல் உங்களிடமும் இருக்கட்டும். மருத்துவமனைகள் தாக்கப்பட்டால் பதிவுசெய்ய உலக சுகாதார நிறுவனத்துக்குத் தனி ஏற்பாடு உண்டு, அதில் ஏற்றுங்கள். பகிரங்கமாகப் பேசுவது உங்கள் பதவிக்கு மேலே இருப்பவர்கள் வேலை. அவர்கள் பேசுவதற்குத் தேவையான ஆதாரத்தைத் தாமதமில்லாமல் கொடுப்பது உங்கள் வேலை.

போகும் வழி

எம்.பி.பி.எஸ். இருந்தால் நல்லது. நர்சிங், பார்மசி, புள்ளியியல், சமூகப்பணி படித்தவர்களும் பொதுச் சுகாதாரத்தில் முதுகலை முடித்து இந்தப் பக்கம் வருகிறார்கள். பாண்டுப்காரர்களுக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம். குர்லாவில் இறங்கி ஹார்பர் லைன் பிடித்து கோவண்டி போனால், 1936-இல் தொடங்கிய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் தேவ்னாரில் இருக்கிறது. பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பும், பேரிடர் பற்றிய தனிப் பள்ளியும் அங்கே உண்டு. அதே தேவ்னாரில் மக்கள்தொகை அறிவியலுக்கான சர்வதேச நிறுவனம். எண்களோடு பழக அதைவிட நல்ல இடம் நாட்டில் குறைவு. ஊர்ப்பக்கம் போக முடிகிறவர்களுக்குச் சென்னையில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் வேலூர் சி.எம்.சி.யும் இருக்கின்றன. ‘ஓபன் டபிள்யூ.எச்.ஓ.’, ‘காயா’, ‘டிசாஸ்டர் ரெடி’ தளங்களில் இலவசப் பாடங்கள். ‘ஸ்பியர்’ கையேடும் இலவசம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை போன்ற குறைந்தபட்ச அளவுகள் அதில்தான். தாராவிக் கழிப்பறைக் கணக்கை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், நெருக்கடி எங்கே தொடங்குகிறது என்று தெரியும்.

மொழி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். காங்கோ, சாட், மாலி, ஹைட்டிக்குப் பிரெஞ்சு. சூடான், ஏமன், சிரியாவுக்கு அரபு. இரண்டில் ஒன்றை உருப்படியாகக் கற்றால் போட்டியாளர்கள் பாதியாகக் குறைவார்கள்.

நேரே கோஆர்டினேட்டர் ஆகிவிட முடியாது. தகவல் அலுவலர் பதவி ஒரு நல்ல நுழைவாசல். அட்டவணை யார் கையில் இருக்கிறதோ அவர் பேச்சு எடுபடும். அடுத்து மாவட்ட அளவிலான துணை ஒருங்கிணைப்பாளர், அல்லது தொண்டு நிறுவனம் சார்பில் இணை ஒருங்கிணைப்பாளர். ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் 18 முதல் 26 வயதுவரை இளையோர் பிரிவு உண்டு. ‘ரிலீஃப் வெப்’ தளத்தில் வேலைகள் வரும். நேர்முகத் தேர்வில் நிச்சயம் வரும் கேள்வி: இரண்டு அமைப்புகள் ஒரே முகாமைக் கேட்டு மோதுகின்றன, என்ன செய்வீர்கள்? ‘பேசித் தீர்ப்பேன்’ என்றால் ஆட்டம் முடிந்தது. எங்கே, யாரோடு, எதைக் கொடுத்து, எதைப் பெற்றுத் தீர்த்தீர்கள் என்ற சொந்த அனுபவம்தான் அவர்களுக்கு வேண்டும்.

இப்போது கசப்பான பக்கம். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்ததிலிருந்து இந்தத் துறையில் ஆட்குறைப்பு ஓயவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2026-27 ஆண்டுகளுக்குப் போட்டிருந்த 530 கோடி டாலர் திட்டத்தை 420 கோடியாக வெட்டியது. ஒப்பந்தங்கள் குறுகியவை. பணியிடங்கள் பல குடும்பத்தை அழைத்துப் போக முடியாதவை. சில வாரங்களுக்கு ஒருமுறை கட்டாய ஓய்வு கொடுத்து வெளியே அனுப்புகிறார்கள் என்றால் உள்ளே எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரே வேலையை நம்பி இருக்காமல், இந்தியாவிலேயே சோறு போடும் ஒரு திறமையையும் சேர்த்து வளர்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்: நோய்க் கண்காணிப்பு, தரவுப் பகுப்பாய்வு, மருந்து விநியோகம், ஏதாவது ஒன்று. வீட்டில் அம்மா அப்பாவிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். தென்சூடானின் தலைநகரான ஜூபா எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்து.

இன்றைக்கே தொடங்க முடிகிற ஒரு வேலை இருக்கிறது. மும்பையில் மழைக்காலம் வந்தால் மலேரியா, டெங்கு, எலிக்காய்ச்சல் வரும், பாண்டுப்பும் விலக்கல்ல. பாண்டுப் அடங்கிய எஸ் வார்டில் எத்தனை தொண்டு அமைப்புகள், டாக்டர் சங்கங்கள், மண்டல்கள், தர்ம ஆஸ்பத்திரிகள் மருத்துவ முகாம் போடுகின்றன, எந்தச் சால் பக்கம் யாருமே போவதில்லை என்று ஒரு அட்டவணை எடுங்கள். ஆரோக்ய சேவிகாக்களோடு இரண்டு நாள் நடந்தால் பாதி நிரம்பிவிடும். மீதிக்குத் தெரு டாக்டர்களைக் கேளுங்கள். அதை எல்.பி.எஸ். ரோட்டில் இருக்கும் வார்டு ஆபிஸுக்குக் கொண்டுபோய்ச் சுகாதார அதிகாரி மேசையில் வையுங்கள். அதைப் பார்த்து அடுத்த முகாம் ஒன்றே ஒன்று இடம் மாறினாலும் போதும். விண்ணப்பத்தின் முதல் வரியில் அதை எழுதுங்கள்.